போகிறேன் என்றவர் போனாரா?



இரு புதல்வரைப் பற்றி இயேசு சொன்ன உவமை மத்தேயு நற்செய்தி 21ஆம் பிரிவில் உள்ளது. திராட்சைத் தோட்டத்திற்கு வேலைக்குப் போகும்படி தந்தை கேட்கிறார். ஒருவர் முதலில் மறுக்கிறார். பிறகு மனம் மாறிப் போகிறார். மற்றவர் உடனே சரி என்கிறார், ஆனால் போகவில்லை. தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவர் யார் என்று இயேசு கேட்கிறார். அந்தக் கேள்வியை இன்று நாம் வழக்கமில்லாத ஓர் இடத்திற்கு எடுத்துச் செல்வோம். ஐரோப்பாவில் புதிய கார்கள் விற்கப்படும் சந்தைதான் அந்த இடம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. பெட்ரோலின் எடை ஒரு கிலோகூட இல்லையே என்று நாம் வியக்கலாம். எரியும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் எடை கூடுகிறது. பூமியைச் சூடாக்கும் இந்த வாயு கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் வெளியேறுகிறது என்று அளந்துதான் அறிய வேண்டும்.

1995இல் ஐரோப்பாவின் புதிய கார்களுக்கு இந்த அளவு சராசரியாக 186 கிராம். 2008க்குள் இதை 140 கிராமாகக் குறைப்போம் என்று கார் தயாரிப்பாளர்கள் 1998இல் தாங்களாகவே வாக்குக் கொடுத்தார்கள். 2008 வந்தது. அளவோ இன்னும் 150 கிராமுக்கு மேலேயே இருந்தது. போகிறேன் என்ற மகன் போகவில்லை.

எனவே 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. 2015இல் 130 கிராம் என்ற இலக்கை வைத்தது. மீறினால் அபராதம் என்றது. இலக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே எட்டப்பட்டது. வெறும் வாக்கு செய்யாததை, கணக்குக் கேட்கும் சட்டம் செய்தது.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. இந்த அளவுகள் ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்டவை. அங்கே மேடு பள்ளம் இல்லை, நெரிசல் இல்லை, அவசரம் இல்லை. சாலையில் ஓடியபோது அதே கார்கள் கூடுதலாக எரிபொருள் குடித்தன. ஏட்டிலிருந்த அளவுக்கும் சாலையிலிருந்த உண்மைக்கும் இடையிலான இடைவெளி 2001இல் சுமார் 9 விழுக்காடாக இருந்தது. 2015க்குள் 40 விழுக்காட்டைத் தாண்டியது. 2017இல் சோதனை முறையே மாற்றப்பட்டது.

குற்றம் தயாரிப்பாளர்கள் மீது மட்டுமா? 2016இல் சுமார் 118 கிராமாக இருந்த சராசரி, 2019இல் ஏறக்குறைய 122 கிராமாக உயர்ந்தது. மக்கள் உயரமான, கனமான எஸ்.யூ.வி. கார்களை விரும்பி வாங்கியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2020இல் இலக்கு கடுமையாக்கப்பட்டு, மின்சாரக் கார்கள் பெருகியபோதுதான் அளவு மீண்டும் இறங்கியது.

இன்னொரு செய்தி நம் மனதைத் தைக்கிறது. பெட்ரோலிலும் ஓடும், வீட்டில் சார்ஜ் செய்து மின்சாரத்திலும் ஓடும் கலப்பின கார்கள் உண்டு. சாலையில் ஓடும் இத்தகைய கார்களின் பதிவுகளை ஐரோப்பிய ஆணையம் திரட்டி 2024இல் வெளியிட்டது. ஏட்டில் சொன்னதைவிட சராசரியாக மூன்றரை மடங்கு வாயுவை அவை வெளியேற்றியிருந்தன. எதிர்பார்த்த அளவுக்கு அவற்றை யாரும் சார்ஜ் செய்யவில்லை என்பதே பெரிய காரணம். வண்டி இருந்தது, கம்பி இருந்தது, மின்சாரமும் இருந்தது. செருகத்தான் கை வரவில்லை.

அன்பானவர்களே, இது நம் கதையும் அல்லவா? ஞாயிறு காலை கோவிலுக்குள் நாம் எல்லாரும் நல்லவர்களே. அது நம் ஆய்வுக்கூடம். திங்கட்கிழமைச் சாலையில் நாம் யார்? திருமுழுக்குச் சான்றிதழ் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அருளின் ஊற்றோடு நம்மை நாள்தோறும் இணைத்துக்கொள்கிறோமா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘லவுதாத்தோ சீ’ என்ற திருமடலில் நம்மைச் சூழலியல் மனமாற்றத்திற்கு அழைத்தார். பூமியின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் ஒன்றே என்று உணர்த்தினார். கார் வாங்கவே வழியில்லாத மீனவரும் உழவரும்தான் புயலையும் வறட்சியையும் முதலில் சுமக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கிராம் கணக்கு நீதியின் கணக்காகவும் இருக்கிறது.

சட்டம் கையை அசைக்கும். மனத்தை மாற்றுவது இறையருள். இந்த வாரம் நாம் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். வண்டி வாங்கும்போது தேவையைப் பார்க்கிறோமா, அண்டை வீட்டாரின் பார்வையைப் பார்க்கிறோமா? நடந்தே போகக்கூடிய தூரத்திற்கும் வண்டியை எடுக்கிறோமா? ஒரே தெருவிலிருந்து திருப்பலிக்கு நான்கு கார்களில் வரும் நாம், முதியவர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு ஒரே காரில் வரலாகாதா?

இதுவரை மறுத்திருந்தாலும் பரவாயில்லை. மறுத்த மகனுக்கும் தோட்டத்தின் கதவு திறந்தே இருந்தது. இன்றே எழுந்து போவோம்.

மன்றாடுவோம்: படைப்பின் ஆண்டவரே, எங்கள் நாவு சொல்வதை எங்கள் கால்களும் செய்ய அருள்தாரும். ஆமென்.