தலைப்பெழுத்து தந்த தாய்

(ஜூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கடவுள் இல்லை என்றவரின் மனைவியைப் பற்றிச் சாமியார் ஜூபிலி மேடையில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கிறீர்கள். சுளியுங்கள், ஆனால் கேளுங்கள்.

பெரியார் நம் கடலூருக்குப் புதியவரல்லர். 1944இல் இங்கேதான் அவர்மீது செருப்பு வீசப்பட்டது. 1973 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையில் அவர் காலமானார். விதவையான மணியம்மையார் திராவிடர் கழகத் தலைமையை ஏற்று, 1978 மார்ச் 16இல் மறையும் வரை நடத்தினார். அந்த அரசியல் நமக்கு வேண்டாம். நாம் சொல்ல வந்தது திருச்சி சமாச்சாரம்.

அங்கே 1959இல் தொடங்கியது நாகம்மையார் குழந்தைகள் இல்லம். நாகம்மையார் பெரியாரின் முதல் மனைவி, 1933இல் இறந்தவர். மூத்தாள் பெயரை இளையாள் விளங்க வைத்த வீடு அது! பெற்றவர் கைவிட்ட பச்சைக் குழந்தைகளை மணியம்மையார் எடுத்து வளர்த்தார். தமக்கென்று பிள்ளை இல்லை. தகப்பன் பெயர் தெரியாத அப்பிள்ளைகளுக்கு ‘ஈ.வெ.ரா.ம.’ என்று தம் பெயரையே தலைப்பெழுத்தாகக் கொடுத்தார்.

நாமோ? நமது ஞானஸ்நானப் பதிவேட்டில், தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கோடு போட்டிருக்கிறோம். அந்தக் கோட்டைக் காரணம் காட்டி ஒரு பையனுக்குப் பெண் கொடுக்க மறுத்தார்கள். இரு வீட்டாரும் நம்மிடம்தான் வந்தார்கள். நாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையன் ஊரை விட்டுப் போனான். பதிவேட்டில் கோடு இருக்கிறது.