கைக்குழந்தையோடு கடற்கரையில்



தோட்டத்தில் பிறந்த குழந்தை அப்பாவைப் பெரும்பாலும் அந்தியில்தான் பார்க்கிறது. பொழுது விடியுமுன் பெரட்டு. வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது குழந்தைக்குத் தூக்கம் வந்துவிடும். அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால், பகல் பொழுது பாட்டியின் மடியிலோ ஆயாக் கொட்டகையிலோ கழியும். ஆகவே வார இறுதியில் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் அதனோடு சேர்ந்து இருப்பது எப்படி என்று இன்று பேசலாம். இதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு கடற்கரை போதும்.

ஜொகூர் மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு வார விடுமுறை ஆகிவிட்டது. அதற்கு முன் வெள்ளி, சனி என்று இருந்ததால், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ போனால் நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலை என்றாகிவிடும். இப்போது இரு கரையிலும் ஒரே விடுமுறை. அப்படிப் போகிறவர்கள் கடைத்தெருவிலேயே பொழுதைக் கழிக்காமல், செம்பவாங் பூங்காவுக்கு ஒரு காலைப்பொழுது போய் வரலாம். உட்லண்ட்ஸில் ரயில் ஏறினால் அட்மிரல்டிக்கு அடுத்த நிறுத்தம் செம்பவாங். அங்கிருந்து 882ஆம் எண் பேருந்து கடற்கரைப் பூங்காவுக்குப் போகும். கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும், சிங்கப்பூர் வருகை அட்டையும் குழந்தையின் பெயரில் நிரப்ப வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே கவனித்துக்கொள்ளுங்கள்.

செம்பவாங் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதி ரப்பர்க் காடு. 1911இல் புக்கிட் செம்பவாங் ரப்பர் கம்பெனி தொடங்கியது. அதன் பிறகு ஆங்கிலேயர் அங்கே கடற்படைத் தளம் கட்டினார்கள். 1938 பிப்ரவரி 14ஆம் தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் கொண்ட பெரிய கப்பல் துறை திறக்கப்பட்டது. தளத்தில் தமிழரும் மலையாளிகளும் ஏராளமாக வேலை பார்த்தார்கள். அப்படி வேலை பார்த்தவர்கள் ஒரு மரத்தடியில் தொடங்கிய முருகன் வழிபாடுதான் இன்று ஈசூனில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக நிற்கிறது. பங்குனி உத்திரத்தன்று அங்கே காவடிகளைப் பார்க்க வேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் பழைய பங்களாவும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததே. 1910களில் ஒரு செல்வர் கட்டிய அந்த வீட்டில் பின்பு கடற்படை அதிகாரிகள் குடியிருந்தார்கள்.

இனி கடலுக்கு வருவோம். சிங்கப்பூரின் கடற்கரைகளில் பல மண் கொட்டி உண்டாக்கியவை. செம்பவாங்கில் இருப்பது இயற்கையாகவே அமைந்த மணல். சிறிய துண்டுதான். தெற்கே உள்ள பெரிய கடற்கரைகளைப் பார்த்தவர்கள் 'இவ்வளவுதானா?' என்று கேட்பார்கள். கைக்குழந்தையோடு போகிறவருக்கு இந்தச் சிறுமைதான் வசதி. பத்து நிமிடம் நடந்தால் நிழல், இன்னும் சிறிது நடந்தால் தூண்டில் போடுகிறவர்கள் நிற்கும் படகுத்துறை. எதிரே தெரிவது நம்முடைய ஜொகூர்க் கரை. இரு கரைக்கும் நடுவே ஒடுங்கிய நீரிணை என்பதால் பேரலைகள் எழுவதில்லை. கப்பல் போனால் மட்டும் சலசலவென்று சிற்றலைகள் வந்து மணலைத் தொடும்.

நாள் ஒன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வடியும். ஏற்றத்தின்போது மணல் பெரும்பாலும் மூழ்கிவிடும். வற்றம் பார்த்துப் போனால் நடக்க இடம் கிடைக்கும். இன்று நீர் வற்றிய நேரத்துக்கு நாளை ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளி வற்றும். மீனவர்கள் இதை விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள்.

வெயிலைப் பற்றி ஒரு விவரம். நம் வட்டாரத்துக் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுகிறது. உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒரு மணியளவில்தான். காலை ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. அதனால் ஏழரையிலிருந்து ஒன்பதரை வரையிலான நேரம் குழந்தைக்கு மிகவும் நல்லது. மாலை என்றால் ஐந்து மணிக்குப் பிறகு. ஆனால் பிற்பகலில் மழை, இடி வரும் நாட்கள் நம் நாடுகளில் அதிகம். வானம் உறுமத் தொடங்கியதும் மணலையும் படகுத்துறையையும் மரத்தடியையும் விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

ஆறு மாதம் நிறையாத குழந்தையை நேர்வெயிலில் காட்டவே கூடாது. வெயில் தடுப்புக் களிம்பும் அந்த வயதுக்கு ஏற்றதல்ல; நிழலும் மெல்லிய முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும். தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தி மூடுகிறோமே, அது நிழல் போலத் தோன்றினாலும் உள்ளே காற்று அடைபட்டுச் சூடு ஏறிவிடும். தூளி போலத் துணியில் கட்டிச் சுமப்பவர்கள், குழந்தையின் முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படியும், தாடை மார்பில் அழுந்தாதபடியும் கட்ட வேண்டும். தாகம் எடுக்குமே என்று தண்ணீர் புகட்ட வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே தண்ணீரும் உணவும். தண்ணீர்ப் போத்தல் பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டும்.

'கடற்காற்று பட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்' என்று பாட்டிமார் தடுப்பதுண்டு. அவர்களுடைய கவலையில் அன்பு இருக்கிறது. ஆனால் சளியைக் கொண்டு வருவது காற்று அல்ல, சளி பிடித்த மனிதர்கள். நெரிசலான கடையில் நாலு பேர் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவதைவிடத் திறந்த வெளிக் காற்று நல்லது. பாட்டியையும் கூடவே அழைத்துப் போனால் வாதாட வேண்டிய வேலையே இல்லை.

குழந்தைக்கு எதைக் காட்டுவது? பிறந்த குழந்தைக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். கப்பலைக் காட்டிப் பயனில்லை. அதற்கு உங்கள் முகம்தான் காட்சி. மூன்று நான்கு மாதமானால் அசையும் இலையையும் நிழலையும் கண்ணால் தொடரும். உட்காரப் பழகிய குழந்தையை நீருக்குத் தள்ளி, ஈர மணலில் ஒரு துணியை விரித்து உட்கார வைத்து, பாதம் மட்டும் மணலில் படும்படி விடுங்கள். முதலில் காலை இழுத்துக்கொள்ளும், பிறகு நீட்டும். கையில் எடுத்தது வாய்க்குப் போகும் என்பதால் ஒருவர் கண் அங்கேயே இருக்கட்டும். கடலை, அலையை, காக்கையைத் தமிழில் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டே இருங்கள். பேச வெட்கப்படும் அப்பாமார்களுக்கு இங்கே யாரும் கேட்டுச் சிரிக்கப் போவதில்லை.

பக்கத்திலேயே வெந்நீர் ஊற்றுப் பூங்காவும் உண்டு. 1909இல் கண்டறியப்பட்ட ஊற்று. 2020இல் பூங்காவாகத் திருத்தித் திறந்தார்கள். தண்ணீர் வெளிவரும்போது சூடு ஏறக்குறைய 70 பாகை. பெரியவர்கள் ஆறிய தொட்டியில் கால் நனைக்கலாம், முட்டை அவிக்கலாம். கைக்குழந்தையை அந்தத் தண்ணீர்ப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

ஞாயிறு மாலை கடற்பாலத்தில் கூட்டம் நெருக்கும். காலையில் கடற்கரையை முடித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் குழந்தை தூங்கும் நேரத்தில் புறப்பட்டால் வரிசையில் நிற்பது சற்று எளிது. மாற்றுத் துணி இரண்டு, மெல்லிய போர்வை ஒன்று, பெரியவர்களுக்குக் கொஞ்சம் பிஸ்கட் ஆகியவற்றைப் பையின் மேல்பக்கம் வையுங்கள்.