பெயர் பொறித்தல்

(இராசகுளத்தில் மாணவர் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் அடுக்கி வைக்கப்பெற்றுள்ள பாராட்டுப் பலகைகளைக் கண்டு என் நெஞ்சம் மகிழ்கின்றது. இவை கடையில் வாங்கிய நெகிழிப் பொருள்கள் அல்ல; நம் தச்சர் கையால் இழைத்துச் செதுக்கிய மரப்பலகைகள். இவற்றின் நடுவே, பித்தளைத் தகட்டில், உங்கள் பெயர்கள் தமிழெழுத்தில் ஒளிர்கின்றன. அதுபற்றியே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

சென்ற ஆண்டு ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டு இளைஞன் ஓட்டப் பந்தயத்தில் வென்று பெற்ற பலகை சுவரில் தொங்கிற்று. அவன் தாயார் அதனைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, என் கையிற் கொடுத்து, “ஐயா, இதில் என் மகன் பெயர் எங்கே இருக்கிறது? காட்டுங்கள்” என்றார். அவர் தமிழ் படிக்கத் தெரிந்தவர். தகட்டிலோ ஒரு தமிழெழுத்தும் இல்லை! ஈன்ற தாயே படிக்கவியலாத பெயரை எவர்க்காகப் பொறித்தனர்? அன்றுமுதல் இவ்வினா என்னை உறுத்துகின்றது.

ஒரு பலகை உருவாவதற்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். தச்சர் வாகை, வேங்கை, தேக்கு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்கின்றார். வென்றவர் வாகைப்பூச் சூடியது நம் பண்டை மரபு. அம்மரத்திலேயே வெற்றிப் பலகை அமைவது எவ்வளவு பொருத்தம்! பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்ச் சிற்பிகளும் வாகையைச் செதுக்குகின்றனர். அவர்தம் மரச்சிற்பம் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அறுத்த பலகையை நிழலிற் பலமாதம் உலர்த்தி, இழைப்புளியால் இழைத்து, வரைந்த பூங்கொடியைச் சுற்றி உளியால் அகழ்ந்து, கொடியை மேலெழச் செய்கின்றார். பின்னர்ப் பித்தளைத் தகட்டில் எழுத்தை வெட்டி, அப்பள்ளத்திற் கருப்பரக்கை நிரப்பித் தேய்க்கின்றனர். மரம் மழைநாளில் விரியும், வெயில்நாளிற் சுருங்கும். பித்தளை அவ்வாறு செய்யாது. ஆதலின் தகட்டின் துளையைத் திருகாணியினும் சற்றே அகலமாக இடுகின்றார் அறிவுடைத் தச்சர். இத்துணை நுட்பமும் எதற்காக? நடுவில் நிற்கும் ஒரு பெயருக்காக! அப்பெயரை அயலெழுத்தில் இடுவது, பந்தலிட்டு விருந்து சமைத்துவிட்டு உறவினரை வெளியே நிறுத்துவது போன்றதன்றோ?

நமக்கு அண்மையில் உள்ள உத்திரமேரூரை நினையுங்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தல் நெறிகளை அங்கே கல்லில் வெட்டினர். 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தனர். அது வேதியரவை என்பதை நான் மறைக்கவில்லை. அக்கல்வெட்டில் வடசொற் கலப்பும் மிகுதி. ஆயினும், வடமொழி பயின்ற அவ்வவையே தன் நெறிகளை ஊரறியத் தமிழில் வெட்டிற்று! தமிழ் மட்டுமே அறிந்த நாமோ ஆங்கிலத்தைத் தேடி அலைகின்றோம்!

தமிழில் எழுத்து மிகுதி, இடம் போதாது என்பர் சிலர். எண்ணிப் பார்ப்போம். ‘தமிழ்ச்செல்வன்’ என்பது தமிழில் 8 எழுத்து. அதனையே ஒலி குன்றாமல் ஆங்கிலத்தில் எழுத 14 எழுத்து வேண்டும். செதுக்கும் பொறியிலே தமிழ் அச்சு இல்லை என்பது முற்காலத்துச் சாக்கு. கணினி வந்தபின் அதுவும் ஒழிந்தது. இல்லாதது எழுத்தன்று, எண்ணமே!

தமிழில் பொறிப்போரும் பிழையறப் பொறித்தல் வேண்டும். ஓலையிற் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று நம் முன்னோர் பெரும்பாலும் புள்ளியிடாது எழுதினர். பித்தளை கிழியாது. கூர்முனையை வைத்து ஒரு தட்டுத் தட்டினாற் போதும். அப்புள்ளி விடுபட்டாலோ ‘கண்ணன்’ என்பான் ‘கணணன’ ஆகிவிடுவான்!

ஆகவே, விழா நடத்தும் பெருமக்களே, உங்களை மூன்று வேண்டுகின்றேன். பெயரையும் அதன் முன்னெழுத்தையும் தமிழிலேயே இடுங்கள். தமிழ்நாட்டரசும் முன்னெழுத்தைத் தமிழில் எழுதுமாறு 2021ஆம் ஆண்டில் ஆணையிட்டுள்ளது. ஆண்டைக் குறிக்கையில் 31ஐக் கூட்டித் திருவள்ளுவராண்டையும் சேருங்கள். பலகையின் பின்புறம், செய்த தச்சரின் பெயரையும் ஒரு சிறு தகட்டிற் பொறியுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாது கொடுங்கள். நம் பெயரைக் காப்பவர் பெயரற்றுப் போகலாகாது.

இளஞ்செல்வங்களே! இப்பலகையை வீட்டிற்குக் கொண்டு சென்றதும் முதலில் உங்கள் தாயார் கையிற் கொடுங்கள். எழுத்துக் கூட்டியேனும் அவர் உங்கள் பெயரைப் படிக்கட்டும். அவ்வொலியினும் உயர்ந்த பரிசு வேறில்லை.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!