பலாப்பழமும் கார் பானெட்டும்

போன வைகாசி முகூர்த்தம் முடிந்து பத்து நாள் இருக்கும். எங்கள் பட்டறை வாசலில் ஒரு கருநீலக் கார் வந்து நின்றது. இறங்கியவர் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. பானெட்டைப் பார்த்ததுமே எனக்குக் கதை புரிந்துவிட்டது. பெண், பிள்ளை பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எழுத்தெல்லாம் எப்போதோ பறந்துவிட்டது. அடியில் வைத்த டபுள் சைடு டேப் மட்டும் சாம்பல் நிறப் பஞ்சாக ஒட்டிக்கொண்டிருந்தது. பூச்சரத்தை இழுத்து ஒட்டிய செலோ டேப், பத்து நாள் வெயிலில் பழுப்பேறி, கோடு கோடாகப் பசையை விட்டுவிட்டு உரிந்திருந்தது. நடுவில் வட்டமாக ஒரு மங்கல்.

"இது என்னங்க ஐயா, இந்த இடம் மட்டும் வெளுத்திருக்கு?" என்றேன்.

"அதை ஏன் கேக்குற தம்பி. வீட்டுப் பசங்க பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் போட்டுத் தேய்ச்சிட்டானுங்க. பசை போகல, பளபளப்புதான் போச்சு."

"ஐயா, நீங்க பலாப்பழம் அறுத்திருக்கீங்களா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பண்ருட்டிக்காரரிடம் கேட்கிற கேள்வியா அது!

ஆனால் விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது, நேயர்களே. பலாப்பழத்தில் கத்தி வைப்பதற்கு முன்னால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். கத்திக்கும் தடவுகிறார்கள். மறந்துபோய் அறுத்துவிட்டால் அந்தப் பாலைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பாருங்கள், சோப்புப் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், இன்னும் இழுபடும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் உருண்டு திரண்டு வந்துவிடும். ரப்பர் சேர்ந்த பசைகளுக்குத் தண்ணீர் என்றால் பகை, எண்ணெய் என்றால் உறவு. பல செலோ டேப்களிலும் மலிவு ஸ்டிக்கர்களிலும் இருப்பது அந்த ஜாதிப் பசைதான். காருக்கு மட்டும் நாம் ஏன் பிளேடையும் நாரையும் தேடி ஓடுகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

பிளேடு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் காரின் பெயின்ட் எவ்வளவு கனம் என்று நினைக்கிறீர்கள்? தகரத்தின் மேல் துருப் பிடிக்காமல் ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான். ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும் ஒரு தாளின் கனம், மிஞ்சிப் போனால் ஒன்றரைத் தாள். பளபளப்பைத் தரும் கிளியர் கோட் மட்டும் என்றால் அரைத் தாள். அந்த அரைத் தாளின் மேல்தான் அந்தப் பிள்ளைகள் பச்சை நாரைப் போட்டார்கள். முன் கண்ணாடியில் உள்ள ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டலாம், தவறில்லை. பெயின்டின் மேல் பிளேடு படக் கூடாது.

சரி, பெரியப்பா காருக்கு வருவோம். முதலில் ஷாம்பு போட்டுக் கழுவினோம். பசையில் மண் ஒட்டியிருக்கும். அதோடு தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

அடுத்தது சூடு. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த கட்டமே இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். டபுள் சைடு டேப்பின் பஞ்சில் இருக்கும் அக்ரிலிக் பசைக்கு எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் ஏறாது, சூடுதான் அதை மசிய வைக்கும். பட்டறையில் ஹீட் கன் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம், ஒரே நிமிடத்தில் பெயின்டைக் கொப்பளிக்க வைத்துவிடும். தலைமுடி காயவைக்கிற ஹேர் டிரையர் போதும். அதுவும் இல்லையா, நம் ஊர் வெயில் இருக்கவே இருக்கிறது. காலைப் பத்து மணிக்கு அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். கணக்கு என்னவென்றால், பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சுட வேண்டும், ஆனால் கையை எடுக்கத் தோன்றக் கூடாது. அதற்குக் குறைந்தால் ஸ்டிக்கர் அப்பளம் மாதிரி துண்டு துண்டாக ஒடியும். கூடினால் பசை பாகாகி, மேல்தாளோடு வராமல் பெயின்டிலேயே தங்கிவிடும். பாகு பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பதம் வந்ததும் ஒரு மூலையை நகத்தால் நெம்ப வேண்டும். நகம் வலித்தால் பழைய ஏடிஎம் கார்டு. வந்த முனையை மேலே தூக்கி இழுக்காதீர்கள். வந்த வழியே மடக்கி, பெயின்டோடு படுத்த மாதிரி, மெதுவாக இழுங்கள். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் நிற்பவருக்குப் பொறுமை போக வேண்டும். அப்போது பசை நூல் நூலாக இழுபட்டு, 'சிர்ர்' என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் பசை முழுசாக எழும்புகிறது என்று அர்த்தம். 'டப்' என்று கேட்டால் கிழிந்துவிட்டது, மறுபடியும் சூடு காட்டுங்கள். மிச்சம் இருக்கும் பசையைக் கட்டை விரலால் அழுத்தி ஒரே திசையில் உருட்டிப் பாருங்கள். மூக்கில் விரல் விடுகிற சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும், பரவாயில்லை. உருட்ட உருட்ட மிளகு அளவில் திரண்டு, அந்த உருண்டையே மற்றப் பசையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு சுண்டைக்காய் ஆகும். பசைக்குப் பசையே பகை. இருபத்தைந்து வருஷமாகச் செய்கிறேன், இன்றைக்கும் ஒரு சுண்டைக்காய் முழுசாகத் திரண்டு வந்தால் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

அதற்கும் மசியாததற்குத்தான் எண்ணெய். இந்தக் கட்டத்தில் காரை நிழலுக்குத் தள்ளிவிடுங்கள், தகரம் ஆறியிருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயே பாதி வேலையை முடிக்கும். ஊட்டிக்குப் போனவர்கள் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கும் நீலகிரித் தைலம் இருந்தால் இன்னும் நல்லது. சளிக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், பசையைக் கரைப்பதில் அது கெட்டிக்காரத் தைலம். கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40-உம் சரிதான். அமெரிக்காவில் 1953-இல் செய்தார்கள். தண்ணீரை விரட்ட ஒரு மருந்து தேடி, 40-ஆவது முயற்சியில் அமைந்தது என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். எதை எடுத்தாலும் முதலில் கதவின் உள்விளிம்பில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். வரவில்லையென்றால், பஞ்சில் நனைத்துப் பசையின் மேல் ஐந்து நிமிடம் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பழைய பனியன் துணியால் துடைத்தால் வந்துவிடும். ஹெட்லைட்டிலும் ரப்பர் பீடிங்கிலும் மட்டும் தைலம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஹேர் டிரையர் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தின்னர்? அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஒரு சிவப்புக் கார் ஞாபகம் வரும். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மேஸ்திரி டீக்கடைக்குப் போன நேரம். பின்கதவில் ஒரு கோயில் ஸ்டிக்கரின் பசை. சீக்கிரம் முடித்து நல்ல பேர் வாங்கலாம் என்று தின்னரில் துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். துணி சிவந்துவிட்டது. கதவில் சிவப்புக்குக் கீழே பட்டி வெள்ளையாகத் தெரிகிறது. கார்க்காரர் அந்த வண்டியை அடிபடாத வண்டி என்று நம்பி வாங்கியிருந்தவர், பக்கத்திலேயே நிற்கிறார். கம்பெனியில் அடித்த பெயின்டை அடுப்பில் வைத்துச் சுட்டிருப்பார்கள், அது தின்னருக்குச் சட்டென்று கரையாது. பிற்பாடு வெளியில் மலிவாக அடித்த பழைய ரக பெயின்ட், தின்னரைக் கண்டால் எத்தனை வருஷம் கழித்தும் இளகிவிடும். மேஸ்திரி வந்து பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "கதவு முழுசும் அடிச்சிடு, கூலி உன் கணக்கு" என்றார். அந்த மாதம் முழுக்க அந்தச் சிவப்பு என் கண்ணிலேயே நின்றது.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. இந்த டேப் என்பதே எங்கே பிறந்தது தெரியுமா? கார் பெயின்ட் அடிக்கிற பட்டறையில்! அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் உப்புத்தாள் செய்கிற கம்பெனி ஒன்று, இப்போது நாம் த்ரீ எம் என்று சொல்வது. அங்கே ரிச்சர்ட் ட்ரூ என்று ஓர் இளைஞர். தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாளை, நாங்கள் வாட்டர் பேப்பர் என்போமே, அதன் சாம்பிளைப் பட்டறை பட்டறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தக் காலத்தில் அங்கே இரண்டு வண்ணக் கார்தான் பெருமை. ஒரு நிறம் அடித்து, அதன் மேல் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டி மறைத்து, அடுத்த நிறம் அடிக்க வேண்டும். காகிதத்தை உரித்தால் கூடவே பெயின்டும் உரிந்து வந்துவிடும். பெயின்டர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற ட்ரூ, இதற்கு நான் வழி செய்கிறேன் என்று கிளம்பி, முயன்று முயன்று 1925-இல் கொண்டுவந்ததுதான் மாஸ்கிங் டேப். முதலில் கொடுத்த டேப்பில் ஓரத்தில் மட்டும்தான் பசையாம். அது கழன்று விழ, 'கஞ்சத்தனம் பண்ணாமல் பசை போடச் சொல்லு' என்று ஒரு பெயின்டர் கத்தினார் என்றும், கஞ்சத்தனத்துக்கு அவர் சொன்ன 'ஸ்காட்ச்' என்ற கேலிச் சொல்லே டேப்பின் பெயராகிவிட்டது என்றும் சொல்வார்கள். 1930-இல் அதே ட்ரூதான் கண்ணாடி மாதிரித் தெரிகிற டேப்பையும் செய்தார். கவனியுங்கள் நேயர்களே, பெயின்டுக்கு நோகாமல் உரிய வேண்டும் என்பதற்காகவே பிறந்த பொருள். பத்து நாள் வெயிலில் போட்டுவைத்து, அதை எதிரி ஆக்கியது நாம்தான்.

இன்னொன்று, பசை போன பிறகும் போகாத ஒன்று உண்டு. 2024 மே 2-ஆம் தேதியிலிருந்து, சொந்த வண்டிகளில் போலீஸ், பிரஸ், வக்கீல் என்றெல்லாம் ஒட்டிக்கொண்டால் நடவடிக்கை என்று சென்னைப் போக்குவரத்து போலீசார் அறிவித்தார்கள் அல்லவா? அந்தச் சூடு எங்கள் ஊர் வரைக்கும் வந்தது. ஒருவர் ஏழு வருஷம் டிக்கியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எடுக்க வந்தார். எடுத்தோம், பசை துளியில்லை. தள்ளி நின்று பார்த்தால் எழுத்து அப்படியே படிக்க வருகிறது! சுற்றிலும் வெயில் பட்டு நிறம் வெளுத்துவிட்டது, எழுத்துக்கு அடியில் புதுக் கார் நிறம். ஸ்டிக்கர் போயும் பதவி போகவில்லை. பாலிஷ் போட்டுப் பாதி குறைத்தோம், மீதி இன்றைக்கும் வெயிலில் தெரியும்.

பாலிஷ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. எண்ணெய் போட்ட இடத்தைக் கட்டாயம் ஷாம்பு போட்டுக் கழுவி, கொஞ்சம் வேக்ஸ் தடவுங்கள், அது போதும்.

பெரியப்பாவின் பானெட் சாயங்காலத்துக்குள் சுத்தமாகிவிட்டது. நார் போட்ட வட்டம் மட்டும் சாய்த்துப் பார்த்தால் லேசாகத் தெரிந்தது. போகும்போது, "ஆவணியில எங்க வீட்டுப் பொண்ணுக்கு, இதே கார்தான்" என்றார். பெயரைப் பின்கண்ணாடியில் ஒட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் முகூர்த்தம் இருக்கலாம். பொண்ணு மாப்பிள்ளை இறங்கி ஆரத்தி எடுக்கிற கையோடு, டேப்பில் இன்னும் வெயில் சூடு இருக்கும்போதே யாராவது ஒரு சித்தப்பா போய் மெதுவாக உரித்துவிடுவார் என்று நம்புகிறேன். அவருக்கு ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கொடுத்தனுப்புங்கள்.