காஜா யந்திரத்தின் கதை

(தையல் தொழிலாளர் கூட்டம் ஒன்றில், ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருக்க நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் ஒரு சின்னத் துளையைப் பற்றிப் பேசப் போகிறோம். சட்டையில் பட்டனை மாட்டுகிறோமே, அந்தத் துளை. தையற்கடையில் அதற்குக் 'காஜா' என்று பெயர். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் தாய்மார் கையில் தொடங்கி, நூற்பாலைக்கும் தறிக்கும் போய், தையற்காரர் மேஜைக்கு வந்து சேருகிற துணி, கடைசியில் இந்தக் காஜாவுக்காகக் காத்து நிற்கிறது. காஜா விழுந்தால்தான் அது சட்டை.

இத்தனை சின்னத் துளைக்கு ஒரு சரித்திரமா என்று கேட்பீர்கள். உண்டு. தையல் யந்திரம் எத்தனையோ வேலையைச் சுலபமாகப் பிடித்துக்கொண்டது. காஜாவை மட்டும் நெடுங்காலம் பிடிக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை, பிறகு எப்படி முடிந்தது, அதில் மிச்சமான நேரம் யாருக்குப் போயிற்று? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

கை செய்த வேலை

இந்த மேடையில் இருக்கும் எங்களில் பலர் காஜாப் பையன்களாக இருந்தவர்கள். தொழில் கற்க வருகிற பையனை எந்த மாஸ்டரும் முதல் நாளே யந்திரத்தில் உட்கார வைப்பதில்லை. கடையைப் பெருக்கு, டீ வாங்கி வா, பட்டன் கட்டு, காஜா எடு. வருஷக் கணக்கில் இதுதான் எங்கள் பள்ளிக்கூடம்.

காஜா எப்படி எடுப்பது? முதலில் துணியை வெட்ட வேண்டும். வெட்டிய வாயில் இழை பிரியும். ஊசியை வெட்டுக்குள் விட்டு, ஓரத்திலிருந்து ஒரு நெல் அகலம் தள்ளி மேலே குத்தி எடுத்து, நூலை ஊசிக்கு அடியில் வளைத்துப் போட்டு இழுத்தால், ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சு உட்காரும். அதை ஒட்டி அடுத்த முடிச்சு. இடைவெளி விட்டால் நூல் பிரியும். நெருக்கிப் போட்டால் துணி சுருங்கும். ஒரு பக்கம் முடிந்ததும் வளைவு வரும். ஏர் ஓட்டுகிறவர் வயல் மூலையில் மாட்டைத் திருப்புவதுபோல, ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியைத் திருப்ப வேண்டும். மறுபக்கமும் முடிந்த பிறகு, முனையில் குறுக்கே நாலு தையல் போட்டு இறுக்க வேண்டும். அந்த இறுக்கம் இல்லாவிட்டால் பட்டன் இழுக்கிற இழுப்பில் துளை கிழிந்து போகும்.

கோட்டுக் காஜா இன்னும் கஷ்டம். கோட்டுப் பட்டனுக்குக் காம்பு உண்டு. அது உட்கார ஒரு முனையில் வட்டக் கண் வேண்டும். ஓரத்தில் ஒரு தடித்த நூலை ஓட விட்டு, அதையும் சேர்த்து மூடித் தைக்க வேண்டும்.

இத்தனையும் விரலுக்குத் தெரிந்த வித்தை. யந்திரத்துக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது?

நேர்த்தையலில் யந்திரம்

நேராகத் தைப்பதை யந்திரம் முதலில் கற்றுக்கொண்டது. பிரான்ஸ் நாட்டில் பார்த்தலமி திமோனியே என்ற தையற்காரர் 1830-ல் ஒரு யந்திரத்துக்குப் பேடண்டு வாங்கினார். பாரிஸ் நகரில் 80 யந்திரங்களை வைத்து ராணுவ உடுப்புத் தைத்தார்கள். 1831-ல் தையற்காரர்கள் திரண்டு வந்து அந்த யந்திரங்களை உடைத்து நொறுக்கினார்கள். பசிக்குப் பயந்து உடைத்தார்கள். அவர்களைப் பழிக்க நமக்கு மனம் வராது. ஆனால் அவர்கள் அடித்தது இரும்பை. அடி விழுந்தது தங்களைப் போன்ற ஒரு தையற்காரரின் உழைப்பின்மேல். திமோனியே 1857-ல் ஏழையாகவே செத்தார்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-ல் பேடண்டு பெற்றார். ஆலைத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹோ இளம் வயதில் லோவல் நகரில் நெசவு யந்திரங்கள் செய்யும் பட்டறையில் வேலை பழகியவர். அவருடைய தையல் யந்திரத்தில் ஊசியின் கூர்முனையில் கண் இருந்தது. அடியில் ஒரு நாடா ஓடி இரண்டாவது நூலைக் கோத்தது. தறியில் ஓடுகிற நாடாவின் தம்பிதான் அது.

வீலர் அண்டு வில்சன் என்ற தையல் யந்திரக் கம்பெனி 1861-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஓர் ஆண் சட்டையைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிஷம். யந்திரத்தில் தைக்க 1 மணி 16 நிமிஷம். இது விற்கிறவன் சொன்ன கணக்கு. கொஞ்சம் கழித்துக் கொண்டாலும் வித்தியாசம் மலைக்க வைக்கிறது. கார்ல் மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் பாகத்திலேயே, தையல், செருப்பு, தொப்பி போன்ற தொழில்களைப் புரட்டிப் போட்ட யந்திரம் என்று தையல் யந்திரத்தை எடுத்துக் காட்டுகிறார்.

காஜாவைப் பிடித்த கதை

நேர்த்தையல் யந்திரத்துக்கு இரண்டே வேலை. ஊசி மேலும் கீழும் போகும். துணி ஒரே திசையில் நகரும். காஜாவுக்கு இது போதாது. ஊசி பக்கவாட்டிலும் ஆட வேண்டும்: ஒரு குத்து துணியின் உள்ளே, அடுத்த குத்து வெட்டின் ஓரத்தில். வளைவில் திரும்ப வேண்டும். முனையை இறுக்க வேண்டும். துளையையும் வெட்ட வேண்டும்.

1854-ல் செயிண்ட் லூயி நகரைச் சேர்ந்த சார்லஸ் மில்லர் என்பவர் காஜாத் தையலுக்கென்று ஒரு யந்திரத்துக்கு அமெரிக்கப் பேடண்டு பெற்றார். காஜா யந்திர வரிசையில் முதலில் நிற்பது அது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லட்சக் கணக்கான சிப்பாய்களுக்கு உடுப்பு வேண்டும். ஒவ்வோர் உடுப்பிலும் வரிசையாகக் காஜா. 1862-ல் ஹம்ப்ரி என்பவர் ஒரு காஜா யந்திரத்துக்குப் பேடண்டு வாங்கினார். அதே வருஷம் ஹென்றி ஹவுஸ், ஜேம்ஸ் ஹவுஸ் என்ற சகோதரர்களும் வாங்கினார்கள். ஹவுஸ் சகோதரர்களின் யந்திரம் வீலர் அண்டு வில்சன் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

பிறகு ஒவ்வொரு சீர்திருத்தமும் விரலின் வித்தையில் ஒரு துண்டைக் கொண்டுபோய் இரும்பில் வைத்தது. துணியைக் கையால் பிடித்துத் திருப்பினால் துளை கோணும். ஆகவே துணியை ஒரு தட்டில் வைத்துக் கவ்விப் பிடித்தார்கள். அந்தத் தட்டை நகர்த்த, பள்ளம் வெட்டிய ஒரு சக்கரத்தை மெதுவாகச் சுற்ற விட்டார்கள். பள்ளத்தில் ஒரு முளை ஓடும். பள்ளம் எப்படி வளைகிறதோ அப்படித் தட்டு போகும்: ஒரு பக்கம் நேராக, முனையில் வளைந்து, மறுபக்கம் திரும்பி. தறியில் டேப்பெட் சுற்றிச் சுற்றி விழுதைத் தூக்குகிறதே, அதே ஜாதி வேலை. காஜாப் பையன் வருஷக் கணக்கில் பழகிய வளைவு, ஒரு சக்கரத்தின் பள்ளமாக உறைந்து போயிற்று.

1881-ல் பாஸ்டன் நகரில் ஜான் ரீஸ் பேடண்டு வாங்கிய யந்திரம் இதையே தலைகீழாக்கியது. துணி அசையாமல் கிடக்கும். தைக்கிற உறுப்புகள் துளையைச் சுற்றி வரும். கனத்த கோட்டுத் துணியை இழுத்துத் திருப்புகிற தொல்லை போயிற்று. ரீஸ் பெயரில் வந்த யந்திரங்கள் நெடுங்காலம் கோட்டுத் தொழிலில் நிலைத்து நின்றன.

கத்தியின் பிரச்னை பாக்கி. முன்னால் வெட்டிப் பின்னால் தைத்தால், வெட்டின் வாயை நூல் முழுக்க மூடும். கோட்டுக்கு அது நல்லது. மெல்லிய சட்டைத் துணி வெட்டியவுடன் பிரிந்து போகும். அதற்கு முன்னால் தைத்துப் பின்னால் வெட்டுவது நல்லது. ஆனால் தைத்துக்கொண்டிருக்கும்போதே நூல் அறுந்து, அது தெரியாமல் கத்தி இறங்கினால் என்ன ஆகும்? சட்டை பாழ். இதற்கும் வழி கண்டார்கள். நூல் அறுந்தால் யந்திரம் நிற்கும், கத்தி இறங்காது. ஊடு நூல் அறுந்தால் தறி நிற்கிறதல்லவா, அதே ஏற்பாடு.

மிச்சமான நேரம் எங்கே?

அரைநாள் வேலை நிமிஷக் கணக்கில் முடிந்தது. மிச்சமான நேரம் தைத்த பெண்ணுக்கு ஓய்வாக வந்ததா? வரவில்லை.

முதல் பங்கு பேடண்டுக்காரர்களுக்குப் போயிற்று. 1856-ல் ஹோ, சிங்கர் கம்பெனி, வீலர் அண்டு வில்சன், குரோவர் அண்டு பேக்கர் ஆகியோர் தங்கள் பேடண்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கூட்டு அமைத்தார்கள். வேறு எவர் தையல் யந்திரம் செய்தாலும், தொடக்கத்தில் யந்திரத்துக்கு 15 டாலர் அவர்களுக்குக் கட்ட வேண்டும். இந்தக் கூட்டு 1877 வரை நீடித்தது. பேடண்டுகள் காலாவதியான பிறகுதான் யந்திரத்தின் விலை இறங்கியது.

அடுத்த பங்கு துண்டுக்கூலிக் கணக்கில் போயிற்று. யந்திரம் வேகமாக ஓட ஓட, ஒரு துண்டுக்கு உண்டான கூலி குறைந்தது. 1910-ல் சிகாகோ நகரத்தின் பெரிய உடுப்புக் கம்பெனி ஒன்றில், பை தைக்கும் பெண்களின் கூலியை 4 சென்டிலிருந்து மூன்றே முக்கால் சென்டாக வெட்டினார்கள். கால் சென்ட்! ஹானா ஷாபிரோ என்ற இளம் பெண் எழுந்து வெளியே நடந்தாள். அவளோடு நடந்தவர்கள் ஒரு கைப்பிடிப் பேர். சில வாரங்களில் நகரம் முழுவதும் சுமார் 40,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் நின்றார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 1924-ல் டில்லியில், யந்திரங்களே வேண்டாமா என்று ராமச்சந்திரன் என்ற மாணவர் காந்தியடிகளைக் கேட்டார். தையல் யந்திரத்துக்கு விலக்குத் தருவதாகக் காந்தியடிகள் சொன்னார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். சிங்கரின் வரலாறு அப்படி இல்லை. அவர் நாடக நடிகர், மெக்கானிக். 1850-ல் பாஸ்டனில் ஒரு பட்டறையில், சரியாக ஓடாத ஒரு தையல் யந்திரத்தைப் பார்த்து, அதைத் திருத்திப் பணம் பண்ணப் புறப்பட்டவர். ஆனால் மாணவர் விடவில்லை. தையல் யந்திரம் செய்ய ஆலை வேண்டுமே என்றார். அப்படிப்பட்ட ஆலைகள் தேசத்தின் உடைமையாக, சர்க்கார் நிர்வாகத்தில் இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் பதில் சொன்னார். யந்திரத்தை மதிக்கத் தொடங்கினால், அது யாருடையது என்ற கேள்வி தானாக வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

கட்டிய கம்பி

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். எங்களில் சிலர் வேலை பார்த்த ஒரு தைப்புச் சாலை. பெயர் வேண்டாம். அங்கே சட்டைக் காஜா யந்திரத்தில் ஓர் அக்கா வேலை செய்தார். நூல் அறுந்தால் யந்திரம் நிற்கும் என்று சொன்னோமே, அந்த விசை நன்றாகத்தான் இருந்தது. அடிக்கடி நிற்கிறது, உருப்படி குறைகிறது என்று மேஸ்திரி அந்த விசையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். ஒரே நாளில் மூன்று சட்டைகள் போயின. தைக்காத துணியில் கத்தி இறங்கிவிட்டது. மூன்று சட்டையின் விலையையும் அக்காவின் கூலியில் பிடித்தார்கள். கவனக் குறைவு என்று எழுதிக் கையெழுத்தும் கேட்டார்கள்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. எங்களைக் கூப்பிட்டு யந்திரத்தின் அடியைக் காட்டினார். மாலையில் வரிசையில் இருந்த எட்டுப் பேரும் எழுந்தோம். கம்பியை அவிழ்த்துக் கொண்டுபோய் மானேஜர் மேஜைமேல் வைத்தோம். "இது யார் கட்டியதோ அவர் கூலியில் பிடியுங்கள்" என்றோம். மூன்று நாள் இழுத்தடித்த பிறகு பிடித்த பணம் திரும்பி வந்தது. கம்பி மறுபடி ஏறவில்லை. துண்டுக்கூலி ஒரு பைசாவும் ஏறவில்லை. அந்தச் சண்டை பாக்கி இருக்கிறது.

தோழர்களே! அந்த விசையைக் கண்டுபிடித்தவர் யாரோ, துணியும் உழைப்பும் பாழாகக் கூடாதென்று கண்டுபிடித்தார். கம்பி கட்டியது லாப ஆசை. யந்திரத்தை நாம் உடைக்க மாட்டோம். அதன் பள்ளத்தில் ஓடுவது எங்கள் விரல் வித்தை. அதன் நாடா உங்கள் தறியிலிருந்து வந்தது. அதில் தைக்கிற துணி தாய்மார் எடுத்த பருத்தி. எனவே கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இந்த யந்திரம் ஒரு நாளில் எத்தனை மணியை மிச்சம் பிடிக்கிறது? அதில் நம் பங்கு எவ்வளவு?

நாளைக்குச் சட்டை மாட்டும்போது அந்தச் சின்னத் துளையை ஒரு நிமிஷம் விரலால் தடவிப் பாருங்கள். பிறகு உங்கள் ஆலையில், உங்கள் களத்துமேட்டில், கம்பி எங்கே கட்டியிருக்கிறது என்று தேடுங்கள். தனியாக அவிழ்க்கப் போகாதீர்கள். வரிசையாக எழுந்து போங்கள்.