மூன்றாம் பாடவேளை



இந்தக் கூட்டத்தில் பேச மாலை 6 மணிக்கு என்று அழைத்தார்கள். காலை 11 மணிக்கு மாற்றச் சொன்னவன் நான்தான். 10.15க்கு ஒரு மாத்திரை போட்டிருக்கிறேன். 12.30 வரை இந்தக் கை நான் சொல்வதைக் கேட்கும்.

பார்க்கின்சன் நோய் என்று எனக்குத் தெரிந்தபோது வயது 51. கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். நடுக்கத்துக்கு முன்பே எழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது. கரும்பலகையில் வரி தொடங்கும்போது எலுமிச்சம்பழம் அளவில் இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் கடுகாகிவிடும். "ஐயா, எறும்பு ஊருது" என்றான் கடைசி வரிசைப் பையன். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த வாரம், கையொப்பம் ஒத்துப்போகவில்லை என்று என் காசோலை திரும்பி வந்தது. அன்று சிரிப்பு வரவில்லை.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயைப் பற்றி எழுதியபோது ஆறு பேரைத்தான் விவரித்தார். அவர்களில் இருவர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. எங்கள் நடையே அவ்வளவு சொல்லிவிடும்.

நடுமூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. அந்த இழப்பை ஈடுகட்டும் மருந்து லெவோடோபா. இந்தக் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. 1937இல் சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் இதைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இந்நோய்க்கு ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் மருத்துவர் கோட்ஸியாஸ் 1967இல் பெரிய அளவில் கொடுத்துக் காட்டிய பிறகே மருந்தாக நிலைபெற்றது. (இதைக் கேட்டுவிட்டு யாரும் நாட்டுமருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். மாத்திரையில் அளவு தெரியும், விதையில் தெரியாது.)

பருப்பிலுள்ள புரதம் இந்த மருந்தோடு போட்டி போடும். அதனால் இட்லி சாம்பாருக்கு அரை மணி முன்பே மாத்திரை. வருஷம் போகப்போக ஒரு மாத்திரை தாங்கும் நேரமும் குறையும். காலை 9 மணிக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாத நான், 11 மணிக்குத் தொல்காப்பியம் நடத்துவேன். 9 மணிக்குப் பார்த்தவர் "ஐயோ பாவம்" என்பார். 11 மணிக்குப் பார்த்தவர் "நல்லாத்தானே இருக்கார்" என்பார். வேலைக்கு ஆபத்து இரண்டாமவரால்தான். காலையில் நான் பட்ட பாடு அவர் கண்ணுக்கு நடிப்பாகிவிடுகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பட்டியலிடும் 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. தக்க வசதி செய்து தரவும் சொல்கிறது. எனக்கு வேண்டியிருந்த வசதி, கால அட்டவணையில் ஒரே ஒரு கட்டம். முதல் பாடவேளையை மூன்றாவதாக்க வேண்டும், அவ்வளவுதான். மனு மூன்று மாதம் மேசையிலேயே கிடந்தது.

ஒருநாள் இயற்பியல் துறை அம்மையார் ஒருவர் ஆசிரியர் அறைக்கு வந்தார். சுவரில் இருந்த அட்டவணையில் தம் மூன்றாம் பாடவேளையைப் பென்சிலால் அடித்து என் பெயரை எழுதினார். என் முதல் பாடவேளையில் தம் பெயரை எழுதினார். "எனக்குக் காலையிலே வர்றது ஒண்ணும் கஷ்டமில்ல சார்" என்றார். 58 வயதில் ஓய்வு பெறும்வரை அந்த மூன்றாம் பாடவேளையில்தான் நடத்தினேன்.

மணி 11.40. கேள்வி இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள்.