ஏழு துண்டில் ஒரு பூ: காகிதம் வைத்துத் துணி இணைக்கும் கைவேலை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் தையல் பயிற்சிக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருச்சி, ஸ்ரீரங்கம், உறையூர், திருவானைக்கோவில் பக்கத்துக் குழுக்களில் பிளவுஸ் தைக்கிற சகோதரிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் மெஷினுக்கு அடியில் ஒரு மூட்டை இருக்கும். வெட்டி மிஞ்சிய பிட்டுத் துணி. கை துடைக்க எடுப்போம், மிச்சத்தைக் குப்பையில் போடுவோம். அந்த மூட்டையை வைத்து என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம். செய்முறையைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு கணக்கும் சொல்வோம். அந்தக் கணக்குத்தான் முக்கியம். அதனால் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாதியில் யாரும் எழுந்துவிடாதீங்க.

இது என்ன வேலை?

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வையாகத் தைப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் கந்தா உங்களில் பலருக்குத் தெரியும். கர்நாடகாவில் வட கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் பழந்துணித் துண்டுகளில் போர்வை தைக்கிறார்கள். இந்த வகைப் போர்வையைத்தான் வெளிநாட்டார் குயில்ட் என்கிறார்கள். நம்ம சென்னையில் 2019-இல் குயில்ட்டுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது.

அதில் ஒரு முறை, காகிதத்தை உள்ளே வைத்துத் தைப்பது. காகிதத்தை ஒரே அளவில் வெட்டி, அதன்மேல் துணியை மடித்துத் தைத்து, அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று கையால் இணைக்க வேண்டும். இணைத்த பிறகு காகிதத்தை உருவிவிடலாம். துணி இழுபடும், சாயும். காகிதம் சாயாது. அளவைக் காகிதம் பிடித்துக்கொள்வதால் புதிதாகத் தைப்பவருக்கும் மூலை சரியாக வரும்.

இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு பொறித்த பட்டுத் துண்டு விரிப்பு ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதை இந்த முறையில்தான் தைத்திருக்கிறார்கள். அதன் உள்ளே வைத்த காகிதம் இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் பழைய கடிதம், கணக்குத் தாள் என்று கையில் கிடைத்ததை வெட்டி வைத்தார்கள். நமக்குக் கல்யாணப் பத்திரிகை இருக்கிறது!

கோலம் போடத் தெரிந்தால் போதும்

இந்த வேலைக்கு ஏற்ற வடிவம் அறுகோணம், அதாவது ஆறு பக்கம் உள்ள துண்டு. "எங்களுக்குக் கணக்கு வராதே"ன்னு பயப்பட வேண்டாம். மார்கழியில் சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர்கள் நாம். இடைப்புள்ளிக் கோலம் (சிலர் ஊடுபுள்ளி என்பார்கள்) எப்படி வைப்போம்? நடுவரிசையில் 3 புள்ளி, மேலும் கீழும் இடையிடையே 2 புள்ளி. மொத்தம் 7. ஒவ்வொரு புள்ளி இருக்கிற இடத்திலும் ஓர் அறுகோணத் துண்டை வையுங்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. பூ வந்துவிட்டது.

5-இலிருந்து 3 வரை வைத்தால் 3, 4, 5, 4, 3, ஆக 19 துண்டு. 7-இலிருந்து 4 வரை வைத்தால் 37 துண்டு. துண்டின் ஒரு பக்கம் 1 அங்குலம் என்று வைத்தால், 7 துண்டுப் பூ 5 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வரும். 19 துண்டு எட்டரை அங்குலத்துக்கு மேல் வரும். 37 துண்டு ஓர் அடி அகலம். எந்தச் சாமானுக்கு எத்தனை துண்டு என்று கோலத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

தேவையான பொருட்கள்

காகிதம்: கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை போல ஓரளவு கெட்டியானது. பளபளவென்று தங்க எழுத்து அச்சடித்த பகுதி வேண்டாம், இஸ்திரிச் சூட்டில் துணியில் ஒட்டும். செய்தித்தாளும் வேண்டாம், மை இறங்கும், மெலிசும்கூட.

துணி: பருத்தி மட்டும். உறையூர் கைத்தறிப் புடவையின் பழைய முந்தானை கிடைத்தால் நல்லது. பாலியெஸ்டர் துண்டைக் கலக்காதீர்கள். ஒரே சூட்டில் இரண்டையும் இஸ்திரி போட்டால் ஒன்று சுருங்கும், ஒன்று படியாது. எல்லாத் துணியையும் முதலில் நனைத்து அலசுங்கள். சிவப்பு, கருநீலத்தைத் தனியாக. சாயம் போகும் துணியைத் தள்ளிவிடுங்கள்.

மற்றவை: மெல்லிய ஊசி, தையல் நூல், குண்டூசி, துணிக்கு ஒரு கத்தரி, காகிதத்துக்கு வேறொரு கத்தரி. துணிக் கத்தரியால் காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும்.

கரண்டு வேண்டாம், மெஷின் வேண்டாம், கடனும் வேண்டாம். பூ தைப்பதற்கு இவ்வளவுதான்.

செய்முறை

1. காம்பஸில் 1 அங்குலம் எடுத்து வட்டம் போடுங்கள். அதே அளவைக் குறைக்காமல் வட்டத்தின் மேல் ஆறு இடத்தில் குறியுங்கள். குறிகளைக் கோட்டால் சேர்த்தால் அறுகோணம். முதல் துண்டைக் கெட்டி அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, மற்றதை அதைப் பார்த்து வரையுங்கள்.

2. காகிதம் முழுவதையும் ஒரே ஆள், ஒரே கத்தரியால் வெட்டட்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால், சுற்றிவரும்போது ஆறாவது துண்டு சேராது. குழுவாகச் செய்யும்போது தவறு நடக்கும் இடம் இதுதான்.

3. துணியை இரண்டரை அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். நடுவில் காகிதத்தை வைத்துக் குண்டூசி குத்தி, சுற்றிலும் கால் அங்குலம் விட்டு மிச்சத்தை நறுக்குங்கள்.

4. ஒவ்வொரு பக்கமாக மடித்து, பெரிய பெரிய தையலாகப் போட்டுக்கொண்டே சுற்றி வாருங்கள். இது பிறகு பிரிக்கிற தையல்தான். பிரிக்க எளிதாக வேறு நிற நூல் போடுங்கள். மூலையில் மடிப்பு இறுக்கமாக இருக்கட்டும்.

5. இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து, ஒரு விளிம்பை மட்டும் நெருக்கமாகச் சுற்றித் தையுங்கள். ஹெம்மிங் போட்ட கைக்கு இது புதிதல்ல. துணியின் ஓர இழைகளை மட்டும் ஊசி எடுக்க வேண்டும், காகிதத்தைக் குத்தக் கூடாது. அங்குலத்துக்கு 12 முதல் 16 தையல். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும்.

6. நடுத்துண்டில் ஆறையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிறகு பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை இணையுங்கள். ஒரு துண்டின் எல்லாப் பக்கமும் இணைந்த பிறகுதான் அதன் காகிதத்தை எடுக்கலாம். காகிதம் மறுபடி மூன்று நான்கு தடவைக்கு வரும்.

காகிதத்தின் மேலேயே மெஷினில் தைத்துவிட்டு, பிறகு காகிதத்தைக் கிழித்தெடுக்கும் இன்னொரு முறையும் உண்டு. அதற்குத் தையலைப் பொடியாக வைக்க வேண்டும், எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற வரிசையும் தெரிய வேண்டும். முதலில் கைவேலை பழகட்டும். அதை வேறொரு நாள் பார்ப்போம்.

ஒரு வார்த்தை: இதைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடி தேவையா என்று ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஊசியை எண்ணி வையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பூவை எங்கே வைப்பது?

இங்கேதான் நம்ம ஊர் வேலை கைகொடுக்கிறது. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேரும் தைத்தேரும் வரும்போது, தேரைச் சுற்றித் தொங்கும் உருளையான துணி அலங்காரங்களைப் பார்த்திருப்பீர்கள். தொம்பை என்று பெயர். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இதற்கென்றே கைவினைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு துணியின் மேல் வேறு நிறத் துணியில் பூ, யாளி, மயில் என்று வெட்டி வைத்துத் தைப்பார்கள்.

அதே போல, நம்ம ஏழு துண்டுப் பூவை ஒரு பருத்திப் பையின் மேல் வைத்துத் தைக்கலாம். பூவை இஸ்திரி போட்டு, பெரிய தையலைப் பிரித்து, காகிதத்தை உருவுங்கள். மடித்த விளிம்பு அப்படியே நிற்கும். பை மூட்டுவதற்கு முன்பே, விரித்த துணியின் மேல் பூவை வைத்துச் சுற்றிலும் ஹெம்மிங் போடுங்கள். பை தைத்த பிறகு செய்தால் கை உள்ளே போகாமல் சிரமப்படுவீர்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. துணிப்பையின் தேவை கூடியிருக்கிறது. ஆனால் வெறும் மஞ்சப்பையில் நாம் மில்லோடு விலையில் போட்டி போட முடியாது. கையால் தைத்த பூ இருக்கிற பை வேறு சாமான்.

இப்போது கணக்கு

பிட்டுத் துணி இலவசம், பழைய பத்திரிகை இலவசம். அதனால் "செலவே இல்லையே, இருபது ரூபாய் சேர்த்துக் கொடுங்க போதும்" என்பார்கள். வாங்குகிறவர் மட்டுமல்ல, நம் வீட்டிலும் சொல்வார்கள்: "சும்மா இருக்கிற நேரத்துல தைக்கிறதுதானே!" சகோதரிகளே, சும்மா இருக்கிற நேரம் என்று நமக்கு ஒன்று உண்டா?

ஏழு துண்டுப் பூவில் 12 இணைப்பு. புதிதாகக் கற்பவர் ஒரு துண்டை மடித்துத் தைக்க 4 நிமிடம், ஓர் இணைப்புக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 28-உம் 60-உம் சேர்த்து 88 நிமிடம். பையில் பொருத்த அரை மணி. ஆக ஏறத்தாழ 2 மணி நேரம். கணக்குக்காக ஒரு மணிக்கு 50 ரூபாய் என்று போட்டால் கூலி 100. பைத்துணியும் கைப்பிடியும் 60, மெஷின் தையல் 20, நூல் 5 என்று வைத்தால் அடக்கம் 185 ரூபாய். இதற்குக் குறைவாக விற்றால் நாம் நம் கூலியைத்தான் தானம் செய்கிறோம். கை பழகி அதே பூ ஒரு மணி நேரத்தில் முடிந்தால் அடக்கம் 135. விலையைக் குறைக்க வழி வேகம்தான், கூலியை விடுவது அல்ல.

37 துண்டில் எத்தனை இணைப்பு தெரியுமா? 90. அதே கணக்கில் அதற்கு மட்டும் 10 மணி நேரம். கூலியே 500 ரூபாய். அதனால்தான் சொல்கிறோம், எடுத்த எடுப்பில் போர்வைக்குப் போகாதீர்கள். ஆர்டர் கையில் இருந்தால் மட்டும் பெரியது செய்யுங்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் 1966-இல் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். நம்மைப் போலக் குழுவாகச் சேர்ந்தவர்கள்தான். அவர்களுடைய போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின, பெயர் கிடைத்தது. ஆனால் நிலையான வருமானம், 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்ததில்தான் வந்தது. போர்வை பெயர் தந்தது, உறை கூலி தந்தது. நமக்கு அந்த உறையின் இடத்தில் இந்தப் பை.

செய்ய வேண்டியது

இந்த வேலைக்காக யாரும் இப்போது குழுவில் கடன் எழுத வேண்டாம், மெஷின் வாங்க வேண்டாம். பை மூட்டக் குழுவில் ஏற்கெனவே இருக்கிற மெஷின் போதும். பத்துப் பை விற்ற பிறகு யோசிப்போம். வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் காகிதம், ஒருவர் துணி வெட்ட, மற்றவர்கள் தைக்க. மெஷினுக்குப் போக முடியாத வயதான அம்மாக்களும் உட்கார்ந்த இடத்தில் செய்யலாம்.

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு பூ கொண்டு வாருங்கள். கூடவே ஒரு நோட்டு. எப்போது தொடங்கினோம், எப்போது நிறுத்தினோம் என்று எழுதியிருக்க வேண்டும். நடுவில் பால் காய்ச்சப் போனால் அந்த நேரத்தைக் கழித்துவிடுங்கள். வாரச் சேமிப்பில் ஒரு ரூபாய் விடாமல் தீர்மான நோட்டிலும் பாஸ் புத்தகத்திலும் ஏற்றுகிற நாம், நம் உழைப்பின் மணிக்கணக்கை மட்டும் எங்கேயும் எழுதுவதில்லை. எழுதாத நேரத்துக்கு யாரும் கூலி தர மாட்டார்கள்.

எல்லாக் குழுக்களின் நோட்டையும் சேர்த்துப் பார்த்து, பைக்கு ஒரே விலையைக் கூட்டமைப்பில் வைத்துத் தீர்மானிப்போம். ஒரு குழு 200 சொல்ல, பக்கத்துக் குழு 120-க்குக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம். விலை முடிவான பிறகு பூமாலை வணிக வளாகத்துக்கும், திருவிழாக் காலத்தில் ஸ்ரீரங்கத்துக்கும் பைகளை எடுத்துப் போவோம்.

பூவையும் நோட்டையும் மறக்காமல் கொண்டு வாங்க.